யோகா எவ்வளவு பழையது? 'அடைபட்ட' சக்கரத்தை யாராவது திறந்துவிட முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கிறது. சில மாதங்களாக மார்பில் ஒரு கனம், மூச்சை முழுசாக இழுக்க முடியாத மாதிரி ஓர் இறுக்கம். தோழி சொன்னதால் ஒரு யோகா மையத்துக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, 'உங்கள் அநாகதம் (இதயச் சக்கரம்) அடைபட்டிருக்கிறது, மணிபூரகம் (தொப்புள் சக்கரம்) ஓவர் ஆக்டிவ்' என்று சொல்லி, மூன்று நாள் 'சக்கரா பேலன்ஸிங்' வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். யோகாவுக்கு 5000 வயது, உடம்புக்குள் கீழிருந்து உச்சந்தலை வரை இருப்பதாகச் சொல்லப்படும் சக்தி மையங்களான ஏழு சக்கரங்களுக்கும் அதே வயது என்றும் சொன்னார்களாம். இது உண்மையா, சேரலாமா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் 68 வயது அம்மாவையும் கூட்டிப் போகலாமா என்று கேட்கிறீர்கள். இவர்களை நம்பி உடம்பை ஒப்படைக்கலாமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் ரொம்ப வருஷமாக யோகா சொல்லிக்கொடுக்கிறவன். பிழைப்பு அதுதான். மூல நூல்களைப் படிக்கும் அளவுக்குச் சமஸ்கிருதமும், திருமந்திரத்தில் யோகம் பற்றிய பகுதியை ஓர் ஆசிரியரிடம் உட்கார்ந்து கேட்ட பழக்கமும் உண்டு. டாக்டர் இல்லை. அதனால் வரலாற்றுக்குப் போகுமுன் ஒன்று: மார்பில் கனம், மூச்சு இறுக்கம் என்று யார் வந்து சொன்னாலும் பாயை விரிப்பதற்கு முன் நான் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். ஈசிஜி எடுங்கள். ரத்தசோகை, தைராய்டு, ஆஸ்துமா, நெஞ்செரிச்சல், மனப்பதற்றம் எல்லாமே இதே மாதிரி உணர்வைத் தரும். இதயக் கோளாறும் தரும். பெண்களுக்கு அது சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலியாக வரவேண்டும் என்று இல்லை, வெறும் மூச்சு வாங்கலாகவும் அசதியாகவும்கூட வரலாம். இந்த வாரமே போய்விடுங்கள். மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

சரி, 5000 வருஷக் கணக்கு. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரே ஒரு முத்திரை. பக்கத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், மாக்கல்லில் வெட்டியது. எருமைக் கொம்பு வைத்த தலையணியோடு ஓர் உருவம், இரண்டு குதிகாலும் ஒட்டி, முழங்கால்கள் இரு பக்கமும் விரிந்து, ஒரு மேடைமேல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றி யானை, புலி, காண்டாமிருகம், எருமை. 1931-இல் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் இதைச் சிவனின் முன்வடிவம், யோக நிலையில் அமர்ந்த பசுபதி என்று எழுதினார். அந்தக் கருத்து அப்படியே பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது. குதிகாலை ஒட்டி அப்படி உட்கார்வது இடுப்பு நன்றாகத் திறந்தவர்களுக்குத்தான் வரும் என்பது பயிற்சி செய்கிறவனாக எனக்குத் தெரியும், அதனால் மார்ஷலுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று புரிகிறது. ஆனால் ஈரானில் கிடைத்த பழைய ஏலமைட் காலத்து உருவங்களில் காளைகளையே இப்படி உட்கார்ந்த மாதிரி செதுக்கியிருக்கிறார்கள் என்று சிந்துவெளி ஆய்வாளர் அஸ்கோ பர்போலா காட்டினார். எருமைத் தெய்வம் என்பாரும் உண்டு. முத்திரையில் உள்ள எழுத்தை இன்னும் யாராலும் எல்லோரும் ஏற்கும்படி படிக்க முடியவில்லை. ஆக அந்த உருவம் ஏதோ ஒரு சிறப்பு இருக்கையில் அமர்ந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி. அது மூச்சைக் கவனித்ததா, தியானம் செய்ததா என்பதைக் கல் சொல்லாது.

எழுத்தில் கையை வைத்துக் காட்டக்கூடிய இடம் உபநிடதங்கள். கடோபநிடதத்தில் புலன்களை அசையாமல் நிறுத்திப் பிடிப்பதே யோகம் என்று நேராகவே வருகிறது. அதே நூலில் இதயத்திலிருந்து நூற்றொரு நாடிகள் கிளம்புகின்றன, அதில் ஒன்று உச்சந்தலைக்குப் போகிறது என்றும் வருகிறது. பிற்காலத்தில் வந்த நாடி (உயிர்க்காற்று ஓடும் பாதை), சுழுமுனை (நடு நாடி) என்ற பேச்சுக்கெல்லாம் விதை இங்கே இருக்கிறது. சுவேதாசுவதர உபநிடதம் இன்னும் நடைமுறையாகப் பேசும்: மார்பு, கழுத்து, தலை மூன்றையும் நிமிர்த்தி உட்கார், இடம் மேடுபள்ளம் இல்லாமல் சுத்தமாக இருக்கட்டும், கூழாங்கல்லும் மணலும் நெருப்பும் வேண்டாம், காற்று வந்து அடிக்காத மறைவாகப் பார்த்துக்கொள் என்கிறது. எழுதியவர் தானே உட்கார்ந்து பார்த்தவர் என்பது படித்தாலே தெரியும். இவையெல்லாம் கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தையவை. அதே காலத்துத் துறவிகளைப் பற்றிப் பாலி மொழிப் பௌத்த நூல்களிலும் நல்ல செய்தி கிடைக்கிறது. புத்தர் ஞானம் அடைவதற்கு முன் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, மூச்சை வாய், மூக்கு, காது எல்லாவற்றிலும் அடக்கிப் பார்த்ததாகவும், தலையைத் தோல்வாரால் இறுக்கியது போல வலித்ததாகவும், இது வழியில்லை என்று விட்டுவிட்டதாகவும் அவரே சொல்வதாக மஜ்ஜிம நிகாயத்தில் இருக்கிறது. ஆக, மூச்சை அடக்குகிற கடும் பயிற்சிகள் அப்போதே புழக்கத்தில் இருந்தன. வைதிகர், பௌத்தர், சமணர் என்று தனித்தனிப் பட்டா போட முடியாத பொது நிலம் அது. 2500 வருஷத்துக்குக் குறையாத பழமை என்று தைரியமாகச் சொல்லலாம். 5000 என்று சொல்கிறவர் அந்த முத்திரையை நம்பிச் சொல்கிறார், அவ்வளவுதான்.

பதஞ்சலியின் யோக சூத்திரம் அதற்கெல்லாம் பின்னால் வருகிறது. கி.பி. 400-ஐ ஒட்டியது என்பது இப்போது பல ஆய்வாளர்கள் ஏற்கும் கணிப்பு. இன்னும் முன்னால் தள்ளுவோரும் இருக்கிறார்கள். 195 சூத்திரங்களில் (சில பதிப்புகளில் 196) ஆசனத்துக்கு ஒதுக்கியது மூன்று. நிலையாகவும் சுகமாகவும் உட்கார் என்பதுதான் அதன் சாரம். உரையில் பெயர் சொல்லப்படும் ஆசனங்களும் பெரும்பாலும் உட்காரும் நிலைகள். சக்கரம்? ஒரே ஒரு இடத்தில் வருகிறது. தொப்புள் சக்கரத்தில் மனத்தை ஒருமுகப்படுத்தினால் உடம்பின் அமைப்பு புரியும் என்கிறது மூன்றாம் அத்தியாயத்துச் சூத்திரம் ஒன்று. அடுத்தடுத்துத் தொண்டைக்குழி, தலையில் உள்ள ஒளி என்று வேறு இடங்களையும் சொல்கிறது. ஆனால் ஆறு, ஏழு என்ற வரிசை இல்லை. குண்டலினி (அடியில் சுருண்டு கிடப்பதாகச் சொல்லப்படும் சக்தி) என்ற பெயரே இல்லை. யோகாவின் அடிப்படை நூல் என்று எல்லோரும் கைகாட்டும் புத்தகத்தின் நிலை இது.

நீங்கள் கேள்விப்பட்ட சக்கரங்கள் தந்திர நூல்களிலிருந்து வருகின்றன, அதுவும் பெரும்பாலும் கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளின் கடைசிப் பகுதியில். அங்கே எண்ணிக்கை ஆளுக்கு ஒன்றாக இருக்கும். பௌத்த ஹேவஜ்ர தந்திரத்தில் தொப்புள், இதயம், தொண்டை, தலை என்று நான்கு. நாத சித்தர்களின் சித்த சித்தாந்த பத்ததியில் ஒன்பது. மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆஞ்ஞை என்று இன்று நமக்குப் பழகிய ஆறு பெயர்களின் வரிசை ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, குப்ஜிகா என்ற தேவியை வழிபட்ட மரபின் நூலிலிருந்து பரவியது. பிறகு அது ஹடயோகம், சைவம், சாக்தம் எல்லாவற்றிலும் ஏறி மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. எண்ணிக்கை வேறுபட்டதற்காக அந்தக் காலத்து ஆசிரியர்கள் யாரும் பதறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே உரைகாரர் ஒரு சடங்குக்கு இத்தனை, இன்னொன்றுக்கு அத்தனை என்று எழுதிவிட்டுப் போவார். கல்லீரல் ஒன்றா இரண்டா என்று மருத்துவர்கள் இப்படி மாற்றி மாற்றி எழுதியிருந்தால் நாம் சும்மா இருப்போமா? உடம்பைத் திறந்து பார்த்து எண்ணியதை அவர்கள் எழுதவில்லை. தியானத்தில் எங்கே மனத்தை வைக்க வேண்டும், எந்த எழுத்தை, எந்தத் தெய்வத்தை அங்கே நிறுத்த வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தார்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வங்காளத்தில் பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய ஷட்சக்ர நிரூபணம்தான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த சக்கரப் படங்களுக்கெல்லாம் மூலம். மூலாதாரத்துக்கு நான்கு இதழ், அடுத்து ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினாறு, புருவ நடுவில் இரண்டு. கூட்டிப் பாருங்கள், ஐம்பது வரும். சமஸ்கிருத நெடுங்கணக்கின் எழுத்துகளும் அவர்கள் கணக்கில் ஐம்பது. இதழுக்கு ஓர் எழுத்து. நடுவில் பூதங்கள்: நிலத்துக்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெண்பிறை, நெருப்புக்குச் சிவப்பு முக்கோணம், காற்றுக்குப் புகைநிற அறுகோணம், வானுக்கு வெள்ளை வட்டம். லம், வம், ரம், யம், ஹம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வித்தெழுத்து. உங்களுக்கு அந்த மையத்தில் கொடுத்த வண்ண அட்டை வீட்டில் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். அதில் மணிபூரகம் மஞ்சளாகவும் அநாகதம் பச்சையாகவும் இருக்கும். பூர்ணானந்தர் மணிபூரகத் தாமரையை மழைமேகத்தின் கருமை என்கிறார், அநாகதத்தைச் செம்பருத்தி போன்ற செந்நிறமுள்ள பந்தூகப் பூவுக்கு ஒப்பிடுகிறார், ஆஞ்ஞையை நிலாவெள்ளை என்கிறார். வானவில் வரிசை அவர் நூலில் எங்குமே கிடையாது.

இன்னொன்று, 'பேலன்ஸ்' செய்வது. அந்த நூல்களில் சாதகன் சக்கரங்களைச் சமன் செய்து வைப்பதில்லை. துளைத்துக்கொண்டு மேலே போகிறான். நிலம் நீரில் ஒடுங்கும், நீர் நெருப்பில், நெருப்பு காற்றில், காற்று வானில், வான் மனத்தில், மனமும் அதற்கு அப்பால் என்று ஒவ்வொன்றாகக் கரைத்துக்கொண்டே போவதுதான் வேலை. சிவபூஜை எடுத்துக்கொண்டவர்கள் பூதசுத்தி என்று தினமும் செய்வது இதன் சுருக்கம். இதில் அநாகதம் 'லோ', மணிபூரகம் 'ஹை' என்று நாடி பிடித்துச் சொல்லும் பேச்சுக்கு இடமே இல்லை. காதல் தோல்வியால் அநாகதம் அடைபடும், பேச நினைத்ததைப் பேசாவிட்டால் விசுத்தி அடைபடும் என்பதும் அங்கே நான் கண்டதில்லை.

நம் பக்கத்திலும் அப்படித்தான். திருமூலர் தில்லை மன்றைத் தொழுத பதஞ்சலியையும் வியாக்கிரமரையும் தன்னோடு சேர்த்து, நந்தியின் அருள் பெற்ற எண்மரில் எண்ணுகிறார். அந்தப் பதஞ்சலிதான் சூத்திரம் எழுதியவரா என்பது மரபு சொல்லும் செய்தி, வரலாறு உறுதி செய்தது இல்லை. திருமந்திரத்தின் காலத்தையே ஐந்தாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். காலம் எதுவானாலும் மூன்றாம் தந்திரத்தை (அந்த நூலின் மூன்றாம் பகுதியை) படித்தால் பயிற்சி செய்தவர் கை தெரியும். 'காற்றைப் பிடிக்கும் கணக்கறிவாளர்க்குக் கூற்றை உதைக்கும் குறியது வாமே' என்பதைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் கணக்கையும் அவரே கொடுக்கிறார்: இடது நாசியில் பதினாறு மாத்திரை (நேர அளவு) இழு, அறுபத்துநாலு நிறுத்து, முப்பத்திரண்டில் விடு. தயவுசெய்து இதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், அது குரு பக்கத்தில் இருந்து வருஷக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போகிற அளவு. விநாயகர் அகவலைத் தினமும் சொல்கிற வீடுகளில் 'மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்தே' என்ற வரி அர்த்தம் கேட்கப்படாமலே கடந்துபோகும். அடியில் இருக்கும் கனலை மூச்சுக்காற்றால் எழுப்புகிற உத்தி அது. சைவர்கள் இந்த ஆறையும் ஊர்களாகவே வைத்துவிட்டார்கள்: மூலாதாரம் திருவாரூர், சுவாதிட்டானம் திருவானைக்கா, மணிபூரகம் திருவண்ணாமலை, இதயம் தில்லை, விசுத்தி காளத்தி, ஆஞ்ஞை காசி. எனக்கு இந்த வரிசை ரொம்பப் பிடிக்கும். ரயிலில் போய் இறங்கக்கூடிய சக்கரங்கள்!

அப்படியானால் வானவில்லும் சுரப்பிகளும் எங்கிருந்து வந்தன? கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில், பூர்ணானந்தர் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1919-இல் வெளியான அந்தப் புத்தகம் வழியாகத்தான் மேல்நாடு சக்கரங்களை அறிந்தது. அடுத்த கட்டம் நம் சென்னை அடையாறு. பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் 1927-இல் சக்கரங்கள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஞானக்கண்ணால் தானே பார்த்ததாகச் சொல்லி, சுவாதிட்டானம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணீரலைக் கொண்டுவந்து வைத்தார். அதே வட்டாரத்தில் கிளைத்த எழுத்துகளில் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு நாளமில்லாச் சுரப்பியோடு இணைக்கும் வழக்கம் வந்தது. 1932-இல் உளவியலாளர் யுங் சூரிச்சில் குண்டலினி பற்றிக் கருத்தரங்கு நடத்தி அதற்கு உளவியல் அர்த்தம் கொடுத்தார். சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் அடுக்கு 1970-களில் அமெரிக்காவில் நிலைபெற்றது. 'அடைப்பு', 'பேலன்ஸ்' என்ற பேச்சும், கிரிஸ்டல் கற்களும், கேள்வித்தாளும் அதன் பிறகு. கப்பலேறிப் போய், அங்கே புதுச் சட்டை போட்டுக்கொண்டு, விமானத்தில் திரும்பி வந்து, 5000 வருஷப் பழமை என்று நமக்கே விற்கப்படுகிறது. நூறு வருஷப் பழக்கம் என்றால் கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. வயதைப் பொய்யாகச் சொல்லி விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆசனங்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை வர்ணிப்பது பதினைந்து ஆசனங்கள். இன்று வகுப்பில் நின்றுகொண்டு செய்யும் ஆசனங்களின் தொடர் பெரும்பாலும் 1930-களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் கற்றுக்கொடுத்ததிலிருந்தும், அதே காலத்து உடற்பயிற்சி இயக்கங்களிலிருந்தும் வந்தது. பின்னாளில் அவர் சென்னைக்கே வந்து, நோயாளிகளுக்கு ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்தார். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான், அதனால் இதைக் குறையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம்.

உடம்புக்குள் சக்கரம் இருக்கிறதா என்று நேராகவே கேட்பீர்கள். இதைக் கத்தி எடுத்துச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், நாத்திகர் இல்லை, ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரஸ்வதி. இளம் துறவியாகக் கங்கைக்கரையில் அலைந்த காலத்தில் ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வந்தது. நாடி, சக்கரம் பற்றிய யோக நூல்கள் சிலவற்றைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார், உள்ளூரச் சந்தேகம் இருந்தது. நீந்திப் போய் உடலைக் கரைக்கு இழுத்து, அறுத்து, இதயத்தையும் தலையையும் கழுத்தையும் நூலில் உள்ள வர்ணனையோடு ஒப்பிட்டார். ஒன்றுக்கொன்று துளியும் பொருந்தவில்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் விட்டுவிட்டதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதற்குப் பின் வந்தவர்கள் நரம்புப் பின்னல்கள்தான் சக்கரங்கள் என்று பொருத்திப் பார்த்தார்கள். அடிவயிற்றிலும் இதயத்தைச் சுற்றியும் நரம்புப் பின்னல்கள் இருப்பது உண்மை, ஆனால் தாமரை வரிசையோடு அவை சரியாக உட்காராது, ஆறு என்ற கணக்கும் வராது. உறுப்பு என்ற அர்த்தத்தில் சக்கரம் கிடையாது என்று நான் தயங்காமல் சொல்வேன். தயானந்தர் கோபத்தில் சற்று அவசரப்பட்டுவிட்டார் என்றும் நினைக்கிறேன். ராகத்தின் சாயல் வீணைக் குடத்துக்குள் எங்கே இருக்கிறது என்று உடைத்துத் தேடுகிற வேலை அது.

ஏனென்றால் அந்த இடங்களில் ஒன்றும் நடப்பதில்லை என்றும் சொல்ல முடியாது. இதயப் பகுதியில் கவனத்தை வைத்துப் பத்து நிமிடம் மெதுவாக மூச்சு விட்டால் அங்கே ஒரு வெதுவெதுப்பை, இளக்கத்தை என் மாணவர்களில் பாதிப்பேராவது சொல்வார்கள். எனக்கும் உண்டு. கவனம் போகிற இடத்தில் உணர்வு கூர்மையாவது இயல்பு. அது வெறும் நரம்பு விளையாட்டா, மரபு சொல்கிற மாதிரி அதைவிட ஆழமான ஒன்றின் வாசலா என்பதை ஓர் ஆசிரியராக நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, எந்தக் கருவியும் இதுவரை சொல்லவில்லை. கருவி சொல்கிற விஷயம் வேறு. 2001-இல் இத்தாலியின் பாவியா நகரில் இருந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லத்தீன் ஜெபமாலை சொன்னபோதும் 'ஓம் மணி பத்மே ஓம்' சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது, அந்த வேகத்தில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. மந்திரம் எந்த மதத்தது என்பது அங்கே வித்தியாசம் காட்டவில்லை. மெதுவான மூச்சு பதற்றத்தைத் தணிப்பதை நானும் தினம் பார்க்கிறேன். இதை நம்ப சக்கரம் இருக்கிறது என்று நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்ல வேண்டும். 'பேலன்ஸிங்' வகுப்புகளில் சிலவற்றில் வேகவேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள், பாட்டும் சத்தமாகப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியும் உதடும் மரத்துச் சிலிர்க்கும், தலை லேசாகும், சிலருக்குக் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும், அழுகை வரும். 'சக்தி ஏறுகிறது, அடைப்பு உடைகிறது' என்பார்கள். ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். ஏற்கெனவே பதற்றம் உள்ளவருக்கு மட்டும் அது பெரிய பயமாக மாறி, நாள்கணக்கில் நிற்கலாம். ஹடயோகப் பிரதீபிகையே எச்சரிக்கிறது: சிங்கத்தையும் யானையையும் பழக்குவது போல மெல்ல மெல்லப் பழக்கு, இல்லாவிட்டால் மூச்சு உன்னையே கொன்றுவிடும் என்கிறது. ஆக, மார்பு இறுக்கத்தோடு இருக்கும் உங்களுக்கு அந்த மூன்று நாள் வகுப்பில் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேக மூச்சுப் பயிற்சிகள், மூச்சை நிறுத்துதல் ஏதாவது இருக்கிறது என்றால் வேண்டவே வேண்டாம்.

வகுப்பே ஏமாற்றா என்று கேட்டால், எல்லாவற்றையும் அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று நாள் போனை அணைத்துவிட்டு, நன்றாக உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டு, சேர்ந்து மந்திரம் சொன்னால் பலருக்கு லேசாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு விலை கொடுக்கலாம். நான் எழுந்து வந்துவிடுகிற இடம் ஒன்று உண்டு: கேள்வித்தாளை வைத்து நோய் சொல்லி, அதே ஆள் அதற்கு மருந்தும் விற்கும்போது. என்னிடம் படிக்க வந்த ஒரு பெண், வேறொரு மையத்தில் விசுத்தி சரியானால் தைராய்டு தானாகச் சரியாகும் என்று கேட்டு, காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தியிருந்தார். முகம் உப்பி, குரல் கம்மி, படி ஏற முடியாமல் வந்தார். அதைச் சொன்னவர் கெட்டவர் என்றுகூட நான் நினைக்கவில்லை, அவர் உண்மையாகவே நம்பியிருப்பார். அதுதான் இதில் உள்ள ஆபத்து. மாத்திரையைக் குறை, நிறுத்து என்ற பேச்சு எடுத்தாலே அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

டாக்டர் பார்த்து, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகு வீட்டிலேயே தொடங்க இது போதும். ஜமக்காளத்தை மடித்துப் போட்டு அதன் விளிம்பில் உட்காருங்கள், இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். வலதுகைச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைப் பக்கம் மடக்குங்கள். பெருவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரல் இடது நாசிக்கு. எலும்பு முடிந்து சதை தொடங்குகிற இடத்தில் மெதுவாக அழுத்தினால் போதும், மூக்கைக் கிள்ள வேண்டாம். வலதை மூடி இடதில் மனதுக்குள் நாலு எண்ணும் வரை இழுத்து, இடதை மூடி வலதில் ஆறு எண்ணும் வரை விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விடுங்கள். இதுதான் ஒரு சுற்று. எண்ணிக்கையை விநாடி வேகத்தில் வைத்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வந்துவிடும். திணறினால் மூன்றுக்கு நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்துவது கிடையாது. பத்துச் சுற்று முடித்து, கையை மடியில் வைத்து, நெஞ்சுக்குழியில் கவனத்தை வைத்துக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த எந்தப் பெயரையாவது விடும் மூச்சோடு மெதுவாகச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட இதைத்தான் பழைய நூல்கள் அந்த இடத்தில் செய்யச் சொல்கின்றன, நிறமும் கல்லும் இல்லாமல். மூக்கு அடைத்திருக்கும் நாளில் நாசி மாற்றுவதை விட்டுவிட்டு வெறுமனே மூச்சை நீட்டி விடுங்கள்.

அம்மாவுக்குத் தரையில் உட்கார முழங்கால் இடம் தராவிட்டால், கை வைக்காத நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரட்டும். நாசி மாற்றும் பயிற்சியும் தேவையில்லை, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினாலே போதும். ரத்த அழுத்த மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். தலைகீழாகச் செய்யும் ஆசனம், குனிந்து வெகுநேரம் இருப்பது, மூச்சை அடக்குவது மூன்றும் அவருக்கு வேண்டாம். கண்ணில் நீரழுத்த நோய் (க்ளாக்கோமா) இருக்கிறதா என்று ஒருமுறை கண் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முடித்ததும் சட்டென்று எழுந்திருக்க விடாதீர்கள், ஒரு நிமிடம் உட்கார்ந்தபடியே கை காலை ஆட்டிவிட்டு எழட்டும். அந்த மூன்று நாள் வகுப்புக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால், டாக்டர் சொல்லும் வரை வர முடியாது என்று எழுத்தில் தெரிவித்துத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்.